முன்சக்கரங்கள்

சவப்பெட்டியை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றியபோது கால்மாட்டில் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஜோஷ்வா மாமா அதை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"சொல்லியிருந்தா சர்ச்சு வண்டி வந்திருக்கும். இது இன்னாத்துக்குக்கா?" என்றார் அக்காவிடம்.

"அவுரு இதுலதான் போவணும்," என்றாள் ரெபேக்காள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ரூத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா இந்தப் பழைய ஜீப்பை வாங்கி வந்த நாளிலிருந்து அம்மா அதில் ஏறியதே இல்லை. "வூட்டு வாசல்ல ஒரு பொணத்தக் கொணாந்து போட்டுட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், இன்று காலை அப்பாவின் உடலைக் குளிப்பாட்டும்போது முழங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்கவிடவில்லை.

ஜீப்பை முன்பு வைத்திருந்தவர் டீசல் மிச்சம் பிடிப்பதற்காக, முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தார். பின்சக்கரங்கள் மட்டும் தள்ளினால் தார்ரோட்டுக்குப் போதும். அப்பா ஞானதாஸுக்குப் போதவில்லை. செங்கல்பட்டு பழைய இரும்புக் கடைகளையெல்லாம் அலசி ஒரு ஷாஃப்டைப் பிடித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் வண்டிக்கடியிலேயே கிடந்தார். எதற்கு என்று கேட்டால் ரூத்திடம் படகு இழுக்க என்பார், மாமாவிடம் கடலோரக் கோட்டைக்கு டூரிஸ்ட் ஏற்ற என்பார். ரூத் இரண்டையும் நம்பவில்லை. நேற்று சாயங்காலம் கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு, "காலைல மணல்ல ஏத்திப் பாக்கலாம்மா" என்று கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். அத்தனை பாடுபட்டும், அது ஓடுமா ஓடாதா என்று மனிதருக்குத் தெரியாமலே போய்விட்டது. ரூத்துக்கு அதுதான் ஆறவில்லை.

கடப்பாக்கத்தில் கல்லறைக்குப் போகும் பாதை கடைசியில் வெறும் மணல். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் ரூத் நாலு சக்கரத்துக்கான சின்னக் கம்பியை முன்னால் தள்ளினாள். வண்டி கொஞ்ச தூரம் போய் உறுமியது. பின்சக்கரங்கள் மணலை வாரி, பாட்டுப் பாடி வந்தவர்கள் மேல் இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை.

"நிப்பாட்டும்மா, பொதஞ்சிகினே போவுது!" என்று கத்தினார் மாமா. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "மச்சான் வேல அவ்ளோதான். வுடு."

கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

ரூத்துக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று தெரியவில்லை. இறங்கி முன்சக்கரத்தை ஓங்கி உதைத்தாள். அப்போதுதான் சக்கரத்தின் நடுவில் புதிதாக மினுங்கிய குமிழைப் பார்த்தாள். அதன் குறி 'ஃப்ரீ'யில் நின்றது. பக்கத்திலேயே 'லாக்' என்று இருந்தது. உள்ளே கம்பியைத் தள்ளினால் மட்டும் போதாது; இறங்கி இரண்டு முன்சக்கரங்களிலும் இதைக் கையால் திருப்ப வேண்டும். அப்பா அதைச் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.

வெள்ளைச் சுடிதாரோடு மணலில் முட்டி போட்டு ஒன்றைத் திருப்பினாள். சுற்றிக்கொண்டு ஓடி மற்றதையும் திருப்பினாள். ஏறி உட்கார்ந்து மெதுவாகக் கிளட்சை விட்டாள். முன்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி மணலைக் கவ்வியது. ஜீப் பள்ளத்திலிருந்து கிளம்பி மேட்டில் ஏறியது.

"நைனா, ஏறுது!" என்று கத்திக்கொண்டே பின்னால் திரும்பினாள். கயிறு மட்டும் கிடந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைக் குழியில் இறக்கியிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் பாஸ்டர் ஜெபத்தைச் சற்று நிறுத்தினார். கையில் மண்ணோடு நின்றிருந்த ரெபேக்காள் திரும்பி முன்சக்கரங்களைப் பார்த்தாள்.

"சுத்துதா?"

"சுத்துதும்மா."

ரெபேக்காள் குழிக்குள் குனிந்தாள்.

"சுத்துதாம்," என்றாள். பிறகு மண்ணைப் போட்டாள்.