கண்ணுக்குத் தெரியாத புரதம்

சல்லிக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் அனுஷியாவுக்கு அந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளராக அது பதினோராவது வருடம். இத்தனை காலத்தில் அவள் கைபட்டு ஒரு கண்ணாடிக் குழாய்கூட உடைந்ததில்லை. அப்படிப்பட்டவள்தான், விரிவுரையாளர் பஹ்மியா ஏழு மாதமாகக் காத்திருந்த பொருளை ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கிக் குப்பையில் போட்டாள்.

பொருள் என்றால் ஒரு புரதம். தாயின் வயிற்றில் வளரும் சுண்டெலிக் குட்டிக்கு எந்த விரல் எங்கே முளைக்க வேண்டும் என்று கலத்துக்குக் கலம் செய்தி கொண்டுபோவது அதுதான். அதற்கான சுண்டெலி மரபணுவைப் பக்டீரியாவுக்குள் வைத்துப் புரதத்தைச் செய்வித்து, உலர்த்தி, வெளிநாட்டுக் கம்பனி ஒன்று குப்பியில் அனுப்பியிருந்தது. சுண்டெலியின் செய்தி முட்டைக்குள் வளரும் கோழி முளையத்துக்கும் விளங்குமாம். அதை மாணவர்களுக்குக் கண்முன்னே காட்ட வேண்டும் என்பது பஹ்மியாவின் ஆசை.

பொதி வந்த அன்று பஹ்மியா கண்டியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அனுஷியாதான் பிரித்தாள். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு குப்பி. துறைமுகப் பக்கத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தட்டினாள், கவிழ்த்தாள். ஒன்றுமே இல்லை. அவளுக்கு வந்த கோபத்தில் கம்பனிக்குச் சுடச்சுட ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டு, குப்பியைக் கழிவுப் பெட்டிக்குள் எறிந்தாள்.

வியாழன் காலை பஹ்மியா வந்து நுழைந்ததும் நுழையாததுமாக அனுஷியா சொன்னாள்.

"மிஸ், எங்களை ஏமாத்திப்போட்டாங்கள். குப்பிக்குள்ள ஒண்டுமில்ல."

பஹ்மியா கைப்பையை மேசையில் போட்டார். "அது கண்ணுக்குத் தெரியாது, அனுஷியா. ஒரு உப்புக்கல்லைவிடக் குறைவு. சுவரில பூசின மாதிரி ஒட்டிக்கிடக்கும். எங்க அந்தக் குப்பி?"

அனுஷியா ஓடிப்போய்க் கழிவுப் பெட்டியைத் திறந்தாள்; அது வெறுமையாக இருந்தது. வாசலில் கூட்டிக்கொண்டு நின்ற இரத்தினேஸ்வரிதான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "கழிவுப் பையளை இன்னும் ஏத்தேல்ல, பிள்ளை. பின்னுக்குக் கொட்டிலுக்கதான் கிடக்கு."

மூவரும் கையுறை மாட்டிக்கொண்டு கொட்டிலில் பொலித்தீன் விரித்துப் பையைக் கொட்டினார்கள். பழைய கையுறைகளுக்கும் கசங்கிய கடதாசிகளுக்கும் நடுவில் அரை மணித்தியாலம் துழாவிய பிறகு இரத்தினேஸ்வரியின் கையில் குப்பி அகப்பட்டது. மூடி திறபடாமல் இருந்தது.

"ரெண்டு நாள் இந்தச் சூட்டுக்க கிடந்ததே மிஸ், இனிச் சரிவருமோ?" என்று கேட்டாள் அனுஷியா.

"காய்ஞ்சபடி இருந்தா ரெண்டு மூண்டு நாள் தாங்குமெண்டு கூட வந்த கடதாசியில போட்டிருக்கு. ஆனா இந்தத் தகரக் கொட்டில் சூட்டைத் தாங்குமோ, எனக்குத் தெரியாது. முட்டைதான் சொல்லோணும்."

பஹ்மியா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று அனுஷியாவுக்கு இருந்தது. உடனே உட்கார்ந்து, பிழை தன்னுடையதுதான் என்று கம்பனிக்கு மறுபடி எழுதினாள்.

கிண்ணியாவில் கோழி வளர்க்கும் சுஹைரா கொடுத்த குஞ்சு பொரிக்கும் பன்னிரண்டு கருமுட்டைகளை, பொதி வரப்போவது தெரிந்து, அனுஷியா திங்கட்கிழமையே அடைகாப்பானில் வைத்திருந்தாள். அன்று பின்னேரம் பஹ்மியா குப்பியைச் சுழற்றி இயந்திரத்தில் வைத்து, ஒட்டியிருந்ததை அடிக்கு இறக்கிக் கரைத்தார். புரதத்தை உறிஞ்சி மெல்லக் கசியவிடும், மணல் பருக்கை போன்ற மணிகள் அதில் ஊறின. அனுஷியா ஓடுகளில் சின்னச் சின்ன யன்னல் வெட்டிக் கொடுக்க, பஹ்மியா முளையத்தின் சிறகு மொட்டில், வழக்கமாகச் செய்தி வராத பக்கத்தில், மணியை வைத்து மூடினார். எட்டு முட்டைகளுக்குப் புரதத்தில் ஊறிய மணி. ஒப்பிட்டுப் பார்க்க, மற்ற நாலுக்கும் வெறும் மணி.

பிறகு ஒரு வாரக் காத்திருப்பு. அனுஷியா வந்ததும் அடைகாப்பானைப் பார்த்தாள், போகும்போதும் பார்த்தாள். திங்களன்று கம்பனியிலிருந்து பதில் வந்தது. வெறுங்குப்பி என்று எழுதிய முதல் ஆள் அவள் இல்லையாம். அதை வாசித்துத்தான் அந்த வாரத்தில் முதன்முதலாகச் சிரித்தாள்.

மூன்று முளையங்கள் தப்பவில்லை. மற்றவற்றை வியாழன் எடுத்து, எலும்பாகப்போகும் கசியிழையங்கள் தெரிய நீலச் சாயமேற்றி முடிய, சனி காலை ஆகிவிட்டது. நுணுக்குக்காட்டியில் முதலில் கண்ணை வைத்தவள் அனுஷியா. வெறும் மணி வைத்த சிறகில் கோழிக்கு வழமையான மூன்று விரல்கள். அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தாள். எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"மிஸ், ஆறு!"

"வடிவாப் பாருங்கோ."

"ஆறுதான் மிஸ். கண்ணாடியில பாக்கிற மாதிரி, அங்காலயும் மூண்டு, இங்காலயும் மூண்டு."

பஹ்மியா குனிந்து பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார். கண்ணை எடுக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. இரத்தினேஸ்வரியையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். "சின்னச் சீப்புக்கு நீலமடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள் அவள்.

பின்னேரம் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்ற அனுஷியாவுக்கு ஒரு யோசனை வந்தது. "ஒரு நாள் பிந்தி மணியை வைச்சா என்ன ஆகும் மிஸ்? அப்பவும் ஆறு வருமோ?"

"தெரியாது. செய்து பாப்பம். இந்த முறை மணியை நீங்களே வையுங்கோவன்."

அனுஷியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுஹைராவுக்குப் போன் எடுத்தாள். "அக்கா, நாளைக்கு இருவத்தினாலு முட்டை தருவீங்களோ? கருமுட்டையாப் பாத்துத் தாங்கோ."