சேமக்காலையில் ஒரு பெட்டி ஐஸ்

1965 மாசியில் தோட்டவெளியில் வலன்ரைன் மாஸ்டரின் கிணறு அடிவரை உறைந்தது. வெயில் வழமைபோல அடித்தது. பக்கத்து வளவுக் கிணறுகளில் தண்ணீர்தான் இருந்தது. முந்திய மார்கழிப் புயலில் தலைமன்னாரில் ஐஸ் அடிக்கும் இடத்தின் கூரை பறந்திருந்தபடியால், மீன்பிடிச் சம்மாட்டி அப்துல் றசாக் கேள்விப்பட்ட அன்றே மீனுக்கு ஐஸ் வெட்டக் கோடரிகளோடு ஆட்களை அனுப்பினார். மாஸ்டர் மறிக்கவில்லை. தாயைப் பார்க்கத் தலைமன்னாருக்குப் போன அவருடைய மனைவி மாக்கிறட்டையும் அந்தத் தாயையும் அதே புயல் கொண்டுபோயிருந்தது. உடல்கள் கரைசேரவில்லை. உடல் இல்லாமல் சேமக்காலையில் குழி வெட்டுவதில்லை என்பது பங்கின் வழக்கம். பங்குச் சுவாமியார் அருட்பிரகாசத்திடம் மாஸ்டர் ஒரு குழிக்காகப் பலமுறை கேட்டுவிட்டார்.

துருவப் பனியைத் துளைத்து அதில் படிந்த ஆண்டுகளை வாசிக்கிறார்கள் என்று, விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். குழாய்க்கிணறு துளைக்கிற துறப்பணத்தை வாங்கி வந்து இறக்கினார். பனி தண்டு தண்டாக வந்தது, ஆண்டுக்கு ஒரு படை. ஆழத்தில் விரல் தடிப்பில் கரிய சாம்பல்: 1815, தம்போரா எரிமலை. அதற்கு மேலே மழை பொய்த்த ஆண்டுகளின் மஞ்சள் புழுதி. இன்னும் மேலே 1883, கிரக்கத்தோவாவின் சாம்பல். துண்டுகள் உருகியபோது குமிழிகள் உடைந்து அந்தந்த ஆண்டின் காற்று வெளியே வந்தது. 1815 இன் காற்றில் கோழிகள் செத்தன. வேறு ஆண்டுகளின் காற்றில் ஆட்கள் பேசினார்கள். ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது 1963 இல் பாலித்தீவு மலை கக்கிய மெல்லிய சாம்பல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 1964 ஐக் கோடரிகள் வெட்டியெடுத்துவிட்டன. மாக்கிறட் கடைசியாக மூச்சுவிட்ட காற்று மீன்பெட்டிகளில் கொழும்பு லொறி ஏறியிருந்தது.

மாஸ்டர் சைக்கிளில் றசாக்கின் மீன்வாடிக்குப் போனார்.

"வாங்கோ மாஸ்டர். உங்கட ஐஸ் சரியான வாயாடி. உருக உருக ஒரு பொம்பிளை கத்துறா. பெடியள் பெட்டிக்குக் கிட்டப் போறாங்களில்லை."

"என்னெண்டு கத்துறா?"

றசாக்கின் சிரிப்பு நின்றது. "அம்மா, தூணை விடுங்கோ, வாங்கோ எண்டு."

ஒரு பெட்டிதான் மிச்சம். பாரைமீன்கள் ஐஸோடு ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. அந்த ஐஸைச் சேமக்காலையில் புதைக்கக் கேட்டார் மாஸ்டர்.

"மீனைப் பிரிக்கேலாது மாஸ்டர். தாட்டால் நாறும்."

"நாறட்டும்."

சுவாமியார் மறுக்க வாயெடுக்குமுன் மாஸ்டர் ஒரு துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். குமிழி உடைந்தது. சுவாமியார் தங்கும் அறைவீட்டின் யன்னல்கள் படபடவென்று அடித்தன. மேசையில் உப்புப் படிந்தது. பிறகு அந்தக் குரல். மாக்கிறட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் சுவாமியார்தான். கனநேரம் கையைத் துடைக்காமல் நின்றார்.

"மீனையும் சேர்த்தோ?"

"ஓம் சுவாமி."

"சரி. குழி வெட்டச் சொல்லுங்கோ."

பங்குனியில் கிணறு தண்ணீரானது. குழிக்குள் இருந்தது உருகவில்லை. சித்திரை வெயிலிலும் அந்த மண்மேடு வெள்ளையாய்க் கிடந்தது. மீன்காரர் சந்தைக்குப் போகும் வழியில் கடகங்களை அதன்மேல் வைத்துக் களையாறத் தொடங்கினர். சுவாமியார் பூசையில் ஒருமுறை கண்டித்தார். பிறகு அவருடைய குசினிக்காரனும் வெள்ளிக்கிழமை மீனை அங்கேயே வைத்தான். பின்னேரங்களில் மாஸ்டர் வந்து, கடகங்களைத் தள்ளிவைத்து மெழுகுதிரி கொளுத்துவார். போகும்போது அவற்றைத் திரும்பவும் மேட்டின்மேல் தூக்கி வைப்பார். மீன் பழுதாகக் கூடாது.