அவளுக்கு எந்த லினக்ஸ்?

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கிற வேலை. யார் வீட்டுக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே பாதிச் சொந்தத்தை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிவிட்டார். வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "கம்ப்யூட்டர்ல என்னென்ன பண்ணுவீங்க?" அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள், லினக்ஸின் பல வகைகளில் எது ஒத்துவரும் என்று மருந்து எழுதியாகிவிடும்.

"விண்டோஸ் பழகின கையா? மின்ட் போட்டுக்கோங்க சித்தப்பா, வித்தியாசமே தெரியாது." பெட்டி ரொம்பப் பழசு என்றால் லுபுண்டு. வருஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் ஓட வேண்டும் என்றால் டெபியன். கழற்றி மாட்டிப் பார்க்கக் கை அரிக்கிறவர்களுக்கு ஆர்ச். "அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்ற எச்சரிக்கையும் அதோடு இலவசம்.

அப்பேர்ப்பட்ட டாக்டர் இப்போது மனைவியின் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

இனி அப்டேட் வராது என்று விண்டோஸ் தினமும் புலம்ப ஆரம்பித்திருந்தது. அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"இதுக்கும் உங்க லினக்ஸைப் போட்டுக் கொடுங்க."

"எது போடட்டும்?"

"ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் போடறீங்க. எனக்கு எது ஒத்து வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன" என்று வாயை விட்டுவிட்டார். அவள் பால்கனிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அவள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள்? மெயில் பார்ப்பாள். அப்புறம்? அப்புறம்தான் மண்டை காய்ந்தது. மதிய வேளைகளில் லேப்டாப்போடு உள்ளறையில் உட்காருகிறாள் என்பது தெரியும். உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இப்போது போய்க் கேட்பதா? மானம் இடம் கொடுக்கவில்லை. பால்கனிக்குக் கேட்காத குரலில் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"உங்க அக்கா கம்ப்யூட்டர்ல என்னடா பண்ணுவா?"

"என்ன மாமா, என்னைக் கேட்கறீங்க?" என்று அவன் சிரித்தான். டாக்டர் போனை வைத்துவிட்டார்.

பையைத் திறந்து பென்டிரைவ்களை எடுத்தார். அந்தப் பையின் ஜிப் போன மாதம் மக்கர் பண்ணியபோது, போனில் ஒரு வீடியோவைப் பார்த்து அவரே சரிசெய்தது. பேச்சே இல்லாத வீடியோ. இரண்டு கைகள், கீழே நாலு வரி எழுத்து, அவ்வளவுதான். கச்சிதமாக இருந்தது.

நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் முதலில் மின்ட்டை ஓட்டினார். இது புதியவர்களுக்கானது ஆயிற்றே, அவள் புதியவளா? ஃபெடோரா என்ற இன்னொரு வகையை ஓட்டினார். அழகாக இருந்தது, ஆனால் அவளுக்கு அழகு முக்கியமா? டெபியனை ஓட்டினார். மறுபடியும் மின்ட். மற்றவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் வருகிற பதில் இங்கே கண்ணாமூச்சி காட்டியது.

சரி, எதைப் போட்டாலும் பழையதை அழித்தாக வேண்டும். அவளுடைய படங்கள் நாலைந்து இருக்கும், காப்பி எடுத்துவிடலாம் என்று கையில் இருந்த சின்னப் பென்டிரைவைச் செருகினார். இடம் போதாது என்றது. பெரியதைச் செருகினார். அதற்கும் போதாது. டிஸ்க்கைப் பார்த்தால் கழுத்துவரை நிரம்பியிருந்தது. மெயில் பார்க்கிறவளுக்கு இவ்வளவு எதற்கு? நல்லவேளை, அழிக்கிற பொத்தானை இன்னும் அமுக்கவில்லை. திறந்து பார்க்கவும் மனசு வரவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனார்.

"உன் லேப்டாப்புல என்ன இருக்கு? காப்பி எடுக்க இடம் பத்தலை."

அவள் கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே வரிசையாக வீடியோக்கள். காலர் திருப்புவது, கிழிசல் தைப்பது, குடைக் கம்பி மாட்டுவது. அதில் ஒன்றை ஓடவிட்டாள். இரண்டு கைகள் ஒரு பையின் ஜிப்பைப் பிடித்து மெல்ல நெம்பின.

டாக்டர் திரைக்குக் கிட்டே குனிந்தார். "இதை நான் பார்த்திருக்கேனே!"

"பார்த்தீங்க. என் பக்கத்துல உட்கார்ந்துதான் பார்த்தீங்க. யாரோ புண்ணியவதின்னு சொன்னீங்க. இப்போ கண்டுபிடிப்பீங்க, இப்போ கண்டுபிடிப்பீங்கன்னு கையை மடி மேலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவர் திரையில் இருந்த கைகளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கைகளைப் பார்த்தார். அதே மோதிரம், அதே வளைந்த சுண்டுவிரல். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எந்த லினக்ஸ் என்பது மட்டும் இன்னும் சுத்தமாகப் புரியவில்லை.

இன்னொரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார்.

"கம்ப்யூட்டர்ல நீ என்னென்ன பண்ணுவே?"

அவள் லேப்டாப்பை அணைத்தாள். பென்டிரைவை உருவி அவர் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் சொல்ல ஆரம்பித்தாள்.