பதினெட்டாம் எண் வீட்டுக்கு வந்த கடல்

2022ஆம் ஆண்டு மார்ச் நான்காம் தேதி காலை ஒன்பது பத்துக்குக் கடல் பதினெட்டாம் எண் வீட்டுக்குள் வந்தது. அசாம் ஜாவாவுக்குப் பக்கத்தில், கரையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் தாமான் லீமா குடியிருப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். மற்ற நாற்பத்தொன்றுக்கும் அது போகவில்லை. செம்பனைக் காட்டைத் தாண்டி, தார்ச்சாலையை ஈரமாக்காமல் கடந்து, முன்கதவின் அடியில் நுழைந்து, கணுக்கால் அளவுக்கு நின்றது. இரண்டு மணி நேரம் இருந்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. கால்மிதியில் மூன்று கெராங் சிப்பிகளும் நாற்காலிக்கடியில் துள்ளிக்கொண்டிருந்த ஒரு சேற்றுமீனும்தான் மிச்சம். பக்கத்து வீட்டு அம்சவள்ளி அந்த நேரத்தில் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மிளகாய்கூட நனையவில்லை என்று பின்னாளில் மூன்று கூட்டங்களில் சாட்சி சொன்னாள்.

அந்த வீட்டில் இரண்டே பேர். காப்ரியல், வயது எழுபத்தாறு. அவர் மகள் பெர்னடெட், வயது நாற்பத்திரண்டு, பள்ளி வேன் ஓட்டுபவள். சுற்றியிருந்த செம்பனைத் தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் அதன் பெரிய வாய்க்கால் சுங்கை செம்பிலாங்கில் கடலைச் சேரும் இடத்தில் ஒரு மதகு இருந்தது. கடல் ஏறும்போது அதன் இரும்புப் பலகையை இறக்க வேண்டும். வடியும்போது தூக்கித் தோட்டத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அந்த வேலையைக் காப்ரியல் முப்பத்தொரு வருடம் பார்த்தார். கடலேற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் அவருடைய சோறும் தூக்கமும் கடிகாரத்தைச் சுற்றி அலைந்தன. மதகைத் தோட்டத்தில் ‘கேட்டு’ என்பார்கள்; அதனால் ஊரில் அவருக்குப் பெயர் கேட்டு காப்ரியல். 2011இல் தோட்டம் கைமாறியது. அதன் ஐந்தாம் டிவிஷனில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தாமானில் வீடு கிடைத்தது. மதகை இனி யார் பார்ப்பது என்று விற்றவர்களும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. காப்ரியலுக்கு வேலை போயிற்றே தவிர, கை சும்மா இருக்கவில்லை. கடல் ஏறும் நேரம் பார்த்து வீட்டு முன்கதவைச் சாத்துவார். வடியும் நேரம் பார்த்துத் திறப்பார். வயதாகிவிட்டது என்று பெர்னடெட் விட்டுவிட்டாள். பதினோரு வருடம் அப்படிச் சாத்தித் திறந்தார். அதற்குப் பிறகுதான் கடல் அவரைத் தேடி வந்தது.

முதலில் பைப்பு வெடிப்பு என்றார்கள். தரையைத் தோண்டிப் பார்த்ததில் கீழே மண் புழுதியாகக் கிடந்தது. பிறகு ஏதோ செய்வினை என்றார்கள். சாமியார் வந்து மந்திரித்துப் போனார், பாதிரியார் வந்து ஜெபித்துப் போனார். கடல் இரண்டு பேருக்கும் மரியாதை காட்டி, அவர்கள் போன பிறகே வந்தது. நாளுக்கு இரண்டு முறை. பெர்னடெட் கட்டிலையும் குளிர்பெட்டியையும் செங்கல் வைத்து உயர்த்தினாள். சீருடைக்கு வந்த உப்புக் கறையைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் அவளை மீனவத் தீச்சர் என்று கூப்பிட்டன. அவள் எரிந்து விழவில்லை. தோட்டம் போய், அம்மா போய், அவளுக்கு மிஞ்சியது அந்த வீடும் அப்பாவும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்குக் கடலோடு குடித்தனம் செய்ய வேண்டுமென்றால் செய்துவிட்டுப் போகலாம்.

அக்கம்பக்கமும் முதல் வருடம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. காப்ரியல் வீட்டு அடுப்படியில் இறால் பிடித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். இரண்டாம் வருடம் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. அம்சவள்ளி வேலியோரம் வைத்திருந்த கருவேப்பிலை மரம் உப்பேறி, மஞ்சளாகி, ஒரே வாரத்தில் மொட்டையானது. அன்றோடு சிரிப்பு நின்றது.

"ஒங்கப்பா கூப்புட்டுத்தான அது வருது? மாப்ள மாதிரி வந்து ஒக்காந்துட்டுப் போகுது. எங்க மரம் என்னாடி பாவம் பண்ணுச்சு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்சவள்ளி கேட்டாள்.

"அதே கடல்ல புடிச்ச எறாலு போன மாசம் ஒங்க சட்டியிலதான வெந்துச்சு, அக்கா? அப்ப மட்டும் மாப்ள நல்லவராலா?"

அம்சவள்ளி வீட்டுக்குள் போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். நாற்பத்தொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள். பதினெட்டாம் எண் வீட்டாரைத் தாமானைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்பது மனு.

முதல் பொதுக் கூட்டம் 2023 ஜூன் மாதம் தாமானின் டேவான் மண்டபத்தில் நடந்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் திருச்செல்வம் மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்குள் கூட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது, இது ஆரம்பம்தான் என்றார்கள் கிள்ளானிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள். கடல் ஏறும் இறங்கும், அது காலகாலமாக நடப்பது, வெள்ளைக்காரன் கிளப்பிவிட்ட பயம் என்றார்கள் தோட்டத்தில் ஆள் மேய்த்த பழைய மண்டோர்கள். மிச்சப்பேருக்குக் கடலைப் பற்றிக் கருத்தே இல்லை. அவர்கள் காப்ரியலைப் பற்றிப் பேச வந்தவர்கள். ஷா ஆலாமிலிருந்து ஆலோசகராக அனுப்பப்பட்ட பொறியாளர் உமாசுதன் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கடலோரம் சிவப்பாக இருந்தது. தாமான் லீமா பச்சையாக இருந்தது.

"எங்கட மாடல்படி இந்த வீட்டுக்குத் தண்ணி வாறது 2050-லதான். அதுக்கு முன்ன சான்ஸ் இல்ல" என்றார்.

பெர்னடெட் எழுந்து பாவாடையை ஒரு சாண் தூக்கிக் காலைக் காட்டினாள். கெண்டைக்கால்வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. "இருவத்தெட்டு வருசம் முன்னாடியே வந்துருச்சு சார். திருப்பி அனுப்பவா, இல்ல காத்திருக்கச் சொல்லவா?"

டேவான் சிரித்தது. உமாசுதன் சிரிக்கவில்லை. அவருடைய தாத்தா மகாதேவாதான் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். காப்ரியலை மதகு வேலைக்குப் பேர் பதிந்தவர் அவரே. காப்ரியலுக்கு அது தெரிந்தபோது முகம் மலர்ந்துவிட்டது. கிராணி ஐயா பேரனா என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அந்த டேவானில் அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்றைச் சொன்னார்.

"கடலு புதுசா வரலைங்கய்யா. அது எப்பவும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாம மூடிக்கிட்டு இருந்தோம். இப்ப அங்க மூட ஆளில்ல. அதான் ஆளத் தேடிக்கிட்டு வருது."

மறுநாள் உமாசுதன் தனியாகச் சுங்கை செம்பிலாங் போனார். மதகு இருந்த இடத்தில் மண்கரை பல் விழுந்த வாய்போல் பிளந்து கிடந்தது. இரும்புப் பலகையை எப்போதோ பழைய இரும்புக்காரன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். அவர் ஷா ஆலாம் திரும்பி மூன்று சிபாரிசுகள் எழுதினார். கரையை உயர்த்த வேண்டும். மதகைக் கட்ட வேண்டும். அதற்குக் காவலாள் போட வேண்டும். மேலிடம் மூன்றையும் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டுக்கும் ஆய்வு தேவை என்றும் மூன்றாவதை உடனே செய்யலாம் என்றும் பதில் வந்தது. இரண்டாம் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். கடல் ஏறுகிறதா இல்லையா என்பதில் பிரிந்து நின்ற மூன்று கட்சியும் காப்ரியலைக் காவலாளாக அனுப்புவதில் ஒன்று சேர்ந்தன.

பெர்னடெட் கத்தினாள். எழுபத்தேழு வயசுக் கெழவன கடல்முன்னாடி ஒக்கார வெக்கிறீங்களா என்றாள். திருச்செல்வம் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். "ஆறே மாசம்மா. கிறிஸ்மஸ்கு அப்பா வீட்ல இருப்பாரு. நா இருக்கேன்லா!" அவர் சொன்னதற்காக அல்ல, காப்ரியல் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டு நின்றதால் அவள் ஒத்துக்கொண்டாள். போகும்போது அவர் ஒரு பொருளை மட்டும் கேட்டார். பதினெட்டாம் எண் வீட்டின் முன்கதவைக் கீலோடு கழற்றி, லோரியில் ஏற்றி, கரையின் பிளவில் இரண்டு பக்காவ் மரக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஒரு தகரக் கூரை. கடல் ஏறத் தொடங்கியதும் காப்ரியல் கதவைச் சாத்தினார். கடல் கதவு வரைக்கும் வந்து நின்றது. அன்றிலிருந்து பதினெட்டாம் எண் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர் வரை கடலோரத்தில் எங்குமே வரவில்லை. வாய்க்கால்களில் உப்பு குறைந்தது. அம்சவள்ளியின் மொட்டை மரம் துளிர்த்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆய்வு தள்ளிப்போயிற்று. கடல் ஏறவே இல்லை என்பதற்குச் சான்றாக ஒரு பேராசிரியர் வானொலியில் சுங்கை செம்பிலாங்கைக் குறிப்பிட்டார். கடல் ஏறினாலும் சமூகமே தாங்கிக்கொள்ளும் என்பதற்குச் சான்றாக இன்னொரு பேராசிரியரும் அதையே குறிப்பிட்டார். வெளியூரிலிருந்து குழுக்கள் வந்து காப்ரியலோடு படம் எடுத்துக்கொண்டன. கதவுக்கு அந்தப் பக்கம் கடல் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. 2024 நடுவில் அது இடுப்பளவு. வருடக் கடைசியில் ஆள் உயரம். 2025இல் கதவின் மேல்சட்டத்துக்கு மேலேயும் எழும்பி, கண்ணாடிச் சுவர்போல் வழியாமல் நின்றது. செம்பிலாங் மீன்கள் காப்ரியலின் தலைக்கு நேராக நீந்திப் போவதைக் காட்டப் பள்ளிகள் பேருந்தில் பிள்ளைகளைக் கூட்டி வந்தன. பெர்னடெட் தினமும் கடல் நேரம் பார்த்துச் சோறு கொண்டுபோனாள். அதனால் வேன் தாமதமாகி, பாதிப் பெற்றோர் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். முதல் கிறிஸ்மஸ் போயிற்று. இரண்டாவதற்கு அவள் ஒரு கெராங் பெட்டியைக் கவிழ்த்துக் கரைமேலேயே குடில் வைத்தாள். திருச்செல்வம் அதையும் படம் எடுத்துப் போட்டார்.

வீடு காய்ந்து கிடந்தது. முன்கதவு இருந்த இடத்தில் பலகை அறைந்திருந்தது. அவள் அதன் முன் உட்கார்ந்து சாப்பிட்டபோதெல்லாம், கடல் இருந்த காலமே தேவலாம் என்று தோன்றியது.

2025 நவம்பரில் ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோனவள், அப்பா நின்றபடியே தூங்குவதைப் பார்த்தாள். நெற்றி கதவில் சாய்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் கதவில் அப்பியிருந்தன. பலகைக்கு அந்தப் பக்கம் கடல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவள் தொட்டதும் திடுக்கிட்டு விழித்தார்.

"வடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லப்பா. வீட்டுக்குப் போவோம் வாங்க."

"நா போயிட்டா பாவம்லா பெர்னா. சனங்க இருக்கு."

"அந்தச் சனங்கதாம்பா ஒங்கள இங்க வெச்சிட்டு மறந்துட்டாங்க."

அவர் கதவிலிருந்து ஒரு கையை எடுத்தார். சோற்றைப் பிசைந்தார். விரல்கள் மடங்க மறுத்தன. அவள் ஊட்டிவிட்டாள்.

மூன்றாம் கூட்டத்தில் அவள் ஒரு தேதி கேட்டாள். மதகு எப்போது? குழு அமைத்திருக்கிறோம் என்றார் மேலிடத்திலிருந்து வந்தவர். குழுவின் தேதியாவது சொல்லுங்கள் என்றாள். அதற்கு இன்னொரு குழு இருந்தது. உமாசுதன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிய மூன்று சிபாரிசுகளும் இப்போது ஒரு புத்தகத்தின் முன்னுரையில் இருந்தன. பெர்னடெட் மைக்கை வாங்கினாள்.

"சனிக்கெழம அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். அன்னைக்குப் பதினொன்னு நாப்பதுக்கு ஏத்தம். இன்னும் நாலு நாளு இருக்கு. என்னா செய்யணுமோ செஞ்சிக்கோங்க."

நாலு நாளில் செய்ததெல்லாம் இவைதான்: அம்சவள்ளி வந்து அழுதாள். திருச்செல்வம் வந்து கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு காப்ரியலுக்குப் பொன்னாடை போர்த்தி விழா எடுக்கலாம் என்றார். எதற்கும் அவள் மசியாதபோது சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டேவானில் அவசரக் கூட்டம் கூட்டினார். உமாசுதன் மட்டும் கூட்டத்துக்குப் போகாமல் சுங்கை செம்பிலாங் போய், கடல் வடிந்திருந்த நேரத்தில் கதவைக் கழற்றி வேன் கூரையில் கட்டக் கைகொடுத்தார். காப்ரியல் முன்சீட்டில் ஏறியதும் தூங்கிவிட்டார். வீட்டில் கதவைப் பழைய கீலில் மாட்டும்போதும், கட்டிலில் அவரைப் படுக்கவைக்கும்போதும் விழிக்கவில்லை. இரண்டரை வருடத்துத் தூக்கம்.

பதினொன்று நாற்பதுக்குக் கடல் வந்தது. செம்பனைகளுக்கு மேலே தலை தெரிய, சாலை அகலத்துக்கு ஒடுங்கி, ஒரு வேலியையும் சாய்க்காமல் நடந்து வந்து, பதினெட்டாம் எண் வாசலில் நின்றது. பெர்னடெட் கதவைப் பாதி திறந்தாள். பயம் இல்லையா என்று பின்னால் கேட்டவர்களுக்கு, தினமும் பார்த்த முகம்தானே என்றாள்.

"அப்பா தூங்குறாரு" என்றாள் கடலிடம். "இனிமே வேலைக்கு வர மாட்டாரு. டேவானுக்குப் போ. ஒன்னப் பத்திப் பேசுறவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

கதவைச் சாத்தினாள். கடல் சற்று நேரம் யோசித்தது. பிறகு திரும்பி, நேராகப் போய், இடதுபக்கம் வளைந்து, டேவானின் இரண்டு கதவுகள் வழியாகவும் உள்ளே போனது.

உள்ளே அறுபத்துமூன்று பேர் இருந்தார்கள். கடல் ஏறுகிறதா என்பது பற்றிய விவாதம் பாதியில் இருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது கால்களை நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். முழங்காலுக்கு வந்தபோது நாற்காலிகளை மேசைமேல் போட்டுக்கொண்டார்கள். கடல் இடத்தைப் பார்த்து அமைதியாக உட்கார்ந்து, ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் பக்கம் லேசாகச் சாய்ந்து கேட்டது. அது பேச வரவில்லை என்பது தெரிந்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்தது. செயலாளர் வருகைப் பதிவில் அதையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் மும்முரமாகப் பேசினார்கள். மதகு பற்றி முடிவாகவில்லை. கரை பற்றியும் முடிவாகவில்லை. ஆனால் அந்தத் தாமானின் வரலாற்றில் முதன்முறையாக, ஒரு கை குறையாமல், ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: அடுத்த கூட்டத்தை மாடி உள்ள கட்டடத்தில் வைத்துக்கொள்வது.