கொப்புளக் கட்டுரை தரிசனம்

திருப்பதியில் ஒரு நர்சிங் கல்லூரி. அதன் நூலகத்தில் மற்றதெல்லாம் எந்த ஊர் நூலகத்திலும் இருப்பதுதான். மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குத்தான் தனி மவுசு. உலகத்து நர்சுகளும் டாக்டர்களும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடுக்கி வைத்திருக்கும் டேட்டாபேஸ், பல்கலைக்கழகத்தின் புண்ணியத்தில், அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கும். அதனால் அதற்கு முன்னால் எப்போதும் கூட்டம்.

கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர் நூலகர் கண்ணபிரான். வழிவழியாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். இந்த வேலைக்கு வருமுன் மலைமேல் சந்நிதிக்கு எதிரே நின்று, "ஜருகண்டி, ஜருகண்டி" என்று பக்தர்களை நகர்த்தும் சேவை பல வருஷம் செய்தவர். கைக்கு அதுவே பழகிவிட்டது. தம்பி மகள் கல்யாணத்தில் தாலி கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தோளை ஏதோ ஞாபகத்தில் தொட்டுவிட்டாராம். கடைசி முடிச்சு மண்டபத்து வாசலில்தான் விழுந்தது என்று அந்தக் குடும்பத்தில் யாரும் மறுப்பதில்லை.

நூலகத்திலும் அவர் கயிறு கட்டி வரிசை விட்டார். திரைக்கு முன் ஒருத்தி வந்து நிற்பாள், தட்டுவாள், தலைப்பு தெரியும், "ஜருகண்டி". மவுஸ் வயர் வளையலில் சிக்கிப் பெண்கள் நின்றுவிடுகிறார்கள், வரிசை நகரவில்லை என்று வயரில்லாத மவுஸ் ஒன்றைத் தாமே வாங்கிப் போட்டார். வெளியே வருகிறவர்கள், "பார்த்தியா?" "பார்த்தேன்டி, நீலக் கலர்ல இருந்துச்சு" என்று பேசிக்கொண்டு போவார்கள்.

அந்த வரிசையில் வந்து நின்றாள் விஜயபுரத்துப் பெண் தாட்சாயணி. எம்.எஸ்ஸி. நர்சிங், முதல் வருஷம். மலைப்பாதையில் முதலுதவி முகாமுக்கு அவளைப் போட்டிருந்தபோது, வெறுங்காலில் ஏறி வந்த வடமாலபேட்டை விவசாயி ஒருவர் பாதம் நிறையக் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்தார். ஊசியால் குத்தி நீரை எடு என்றார் ஒரு சீனியர். தொடாதே என்றார் இன்னொருவர். முதல் சீனியர் குரல் பெரிது, தாட்சாயணி குத்தினாள். அடுத்த வாரம் அதே மனிதர் யானைக்காலாக வீங்கிய காலோடு வார்டில் படுத்திருந்தார். "நீ குத்துனதால இல்லம்மா, என் நேரம்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. குத்தலாமா, கூடாதா என்பதையே ஆராய்ச்சியாகச் செய்வது என்று முடிவெடுத்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியை வஸுமதி மேடம் மறுக்கவில்லை. "இதைப் பத்தி உலகத்துல யாராவது முன்னாடி செஞ்சிருக்காங்களா? ஒரே ஒரு கட்டுரை, முழுசா, வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா. இல்லன்னா உனக்குக் கை கழுவுதல்தான் தலைப்பு."

கை கழுவுதல் என்றால் அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் நடுக்கம். தலைப்பு கிடைக்காத அத்தனை பேரும் வருஷா வருஷம் சோப்போடு பக்கத்துக் கிராமத்துக்குப் போய் அந்த ஜனங்களின் கையைக் கழுவிக் கழுவி, அங்கே யாருக்கும் ரேகையே இல்லாமல் போய்விட்டது. ரேஷன் கடை மெஷின் கட்டைவிரலை ஏற்பதில்லை. கைரேகை ஜோசியன் ஒருவன் அந்த ஊருக்குள் போய் அழுதுகொண்டே திரும்பினான். வெள்ளைச் சேலையைத் தூரத்தில் கண்டாலே மக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

முதல் தடவை திரைக்கு முன்னால் நின்றபோது தாட்சாயணி 'கால்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் தட்டினாள். நாலு லட்சம் கட்டுரைகள் வந்தன. அச்சடித்திருந்தால் காகிதம் அலிபிரி அடிவாரத்தில் தொடங்கி மலை ஏறி மறுபக்கம் இறங்கி மாமண்டூர் காட்டில் போய் நின்றிருக்கும். "ஜருகண்டி" என்றார் கண்ணபிரான்.

மறுதடவை நெஞ்சில் இருந்ததையெல்லாம் தட்டினாள். வெறுங்காலோடு மலையேறி வந்த ஏழை விவசாயியின் பாதத்தில் வந்த கொப்புளத்தைக் குத்திவிட்ட நர்சுக்கு நல்ல பதில் வேண்டும் என்ற பொருளில் ஒரு முழு வாக்கியம். பூஜ்ஜியம் வந்தது. "ஏம்மா, என்ன பாராயணமா பண்றே? பின்னாடி எத்தனை பேர் நிக்கறா பாரு. ஜருகண்டி."

ஹாஸ்டலில் அறைத் தோழி ஹரிப்ரியா கட்டிலில் புரண்டு சிரித்தாள்.

"ஏண்டி, சாமிகிட்ட வேண்டிக்கிற மாதிரி கேட்டா அது குடுக்குமா? அதுக்கு இன்னா, மனசா இருக்குது? வார்டுல கேஸ் ஷீட் எழுதற மாதிரி கேளு. யாருக்கு? இன்னா கம்ப்ளெய்ன்ட்? இன்னா பண்ணாங்க? அவ்ளோதான்."

"அப்படித்தானடி கேட்டேன்!"

"நீ கத சொல்லிக்கினு இருந்த. கொப்புளம், பாதம், நடக்கிறவங்க. நடுவுல எல்லாம் 'ஆண்ட்' போடு, மூணும் இருக்கிறது மட்டும் வரும். ஒரே சாமானை நாலு விதமா சொல்வாங்கன்னா நடுவுல 'ஆர்' போடு. பழசெல்லாம் வேணாம்னு அஞ்சு வருஷத்துக்கு வெட்டிடு. முழுக் கட்டுரை மட்டும்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் அடி."

"இவ்ளோ தெரிஞ்சிக்கினு நீ ஏண்டி கை கழுவற?"

"எனக்குத் தலைப்பு தெரியல. தேடத்தான் தெரியும்" என்று ஹரிப்ரியா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அப்படியே தட்டினாள். நாலு லட்சம் ஒன்பதாகச் சுருங்கியது. மூன்றாவதாக இருந்ததைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. ஏதோ ஒரு தேசத்தில், வேறொரு சாமியைப் பார்க்க வாரக்கணக்கில் நடந்துபோன ஜனங்களின் பாதங்கள். குத்திய கொப்புளம் ஒருபக்கம், குத்தாதது ஒருபக்கம். முழுக் கட்டுரை என்ற இடத்தில் அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. வெள்ளைத் திரை மெல்ல விலகியது.

அந்த நேரத்தில், பிறந்ததிலிருந்து திருமலையில் என்ன செய்து வந்தாளோ அதையே செய்தாள். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "திவ்யமா ஆச்சோல்லியோ? ஜருகண்டி" என்ற குரல் அடுத்தவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கண்ண மூடிக்கினியா?" என்றாள் ஹரிப்ரியா. "பாவம், அந்தக் கட்டுரை உன்ன நல்லா பார்த்திருக்கும்."

வெள்ளிக்கிழமை. பின்னேரம் மேடம் புத்தூர் பஸ்சுக்குக் கிளம்பிவிடுவார். தாட்சாயணி கண்ணை இமைக்காமல் வரிசையில் வந்தாள். கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்துப் பின்னால் நின்றவள் பக்தி என்று நினைத்தாள். திரைக்கு முன் வந்ததும் கேஸ் ஷீட் வார்த்தைகள், ஒன்பது, மூன்றாவது, முழுக் கட்டுரை. திறந்தது. மேல் மூலையில் 'ஈமெயிலுக்கு அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள், முகவரி கேட்டது. தன் பெயரில் பாதி அடித்திருப்பாள்.

"ஜருகண்டி."

"சார், ஒரே நிமிஷம் சார்."

"பெருமாளே ஒரு நிமிஷம் தர்றதில்லே, நான் எப்படிம்மா தருவேன்?"

தோளில் கை விழுந்தது. மலையில் விவரமான ஜனங்கள் என்ன செய்வார்களோ, அதைச் செய்தாள்: முகத்தைத் திரையிலேயே வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். முதல் அடிக்குள் மிச்ச முகவரியை எக்கி அடித்துவிட்டாள். இரண்டாவது அடியில் அம்புக்குறியை 'அனுப்பு' மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்துவதற்குள் கண்ணபிரான் கை அவளை நகர்த்திவிட்டது. ஆனால் மவுஸ் அவள் கையோடு வந்துவிட்டது. மேஜையை விட்டுத் தூக்கிய மவுசுக்குக் குறி அசையாது. அலமாரிகளைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, வராந்தாவுக்கு வந்ததும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே ஒரு தட்டுத் தட்டினாள்.

இடுப்பில் போன் அதிர்ந்தது.

வஸுமதி மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். போனை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தார். "முழுசாத்தான் இருக்கு. சரி, இதையே எடுத்துக்கோ" என்று கிளம்பியவர் நின்றார். "கையில என்னது அது?"

"மவுஸ் மேடம்."

"கொண்டுபோய்க் குடு" என்றார் மேடம், ஆராய்ச்சியில் இது சகஜம் என்பதுபோல.

நூலகத்துக்குத் திரும்பினால் சத்தமே இல்லை. வரிசை நின்றிருந்தது. மவுஸ் இல்லாததால் திரையை யாராலும் மாற்ற முடியவில்லை. அவளுடைய கட்டுரை அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் பெண்கள் சுற்றி நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணபிரான். இத்தனை வருஷமாகத் திரைக்கு முதுகைக் காட்டியே நின்றவர். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தை மற்றக் கால்மேல் தூக்கி வைத்திருந்தார். கட்டைவிரலுக்குக் கீழே பழுத்த கொப்புளம் ஒன்று.

"ஏம்மா, குத்தப்டாதுன்னா போட்ருக்கான்?" என்றார் திரும்பாமலே. "இன்னிக்குக் காலம்பறதான் ஊசியைச் சுட்டு வெச்சேன்."

"சார், பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க" என்றாள் தாட்சாயணி. "ஜருகண்டி."

"இரும்மா, இரு. நீயும் அவசரப்படுத்தறே. அடுத்த பக்கம் தள்ளு."

தாட்சாயணி மவுஸை மேஜையில் வைத்து, அடுத்த பக்கம் தள்ளினாள்.