கூட வந்தவர் சொன்னது

“உள்ள போனதும் நீ வாயத் திறக்காத. நான் பேசிக்கிறேன்,” என்றான் கணவன், டாக்டர் அறை வாசலிலேயே.

அவள் தலையாட்டினாள். இடது மார்பில் ஒரு கட்டி. மூன்று மாதத்துக்கு முன் பட்டாணி அளவுதான். இப்போது கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. வேலை செய்யும் லாண்டரியில் ஈரப் போர்வைகளை அள்ளும்போது கை பட்டால் சுருக்கென்கிறது. கணவனிடம் சொல்லவே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. வேன் ஓட்டும் வேலையில் அவனுக்கு லீவு கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆனது.

டாக்டரும் பெண்தான். நல்ல மனுஷி, வம்பே அதில்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களை அவரவர் பண்பாடு அறிந்து நடத்தத் தனிப் பயிற்சி எடுத்தவர். இந்தப் பெண்கள் புருஷன் மூலமாகத்தான் பேசுவார்கள் என்று அங்கே எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ, அவள் பக்கம் திரும்பாமலே, “என்ன தொந்தரவு?” என்று அவனைக் கேட்டார்.

அவன் காது சிவந்தது. “நெஞ்சு வலி. கேஸ் மாதிரி,” என்றான் அந்த ஊர் மொழியில்.

அவளுக்குப் பகீரென்றது. இரண்டு வருட லாண்டரி வேலையில் அந்த மொழி அவள் காதிலும் கொஞ்சம் ஏறியிருந்தது.

“கட்டின்னு சொல்லுங்க,” என்றாள் தமிழில்.

“சும்மா இரு. அந்த எடத்தையெல்லாம் எப்படிச் சொல்றது? மானம் போயிடும்.”

போகப் போவது அவள் உயிர். அவனுக்கோ மானக் கவலை!

டாக்டர் சிரித்த முகத்தோடு மாத்திரை எழுதினார். “உடையைக் கழற்றச் சொல்ல மாட்டேன். உங்கள் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம்,” என்றார். அதையும் அவனிடம்தான்.

அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்தாள். டாக்டரின் கையைப் பிடித்து இழுத்து, கட்டியின் மேல் வைத்து அழுத்தினாள்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. விரல்கள் மெல்லச் சுற்றிப் பார்த்தன.

“எவ்வளவு நாளாக?”

“மூணு மாசம்,” என்று அந்த ஊர் மொழியிலேயே அவள் சொன்னாள்.

“இதை ஏன் சொல்லவில்லை?” என்று டாக்டர் கணவனைக் கேட்டார்.

அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். சம்மதப் படிவம் வந்தது. பழக்க தோஷம், டாக்டர் அதை அவன் பக்கமே நகர்த்தினார். அவனும் கூசாமல் பேனாவை எடுத்துவிட்டான்.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“பேனாவக் குடுங்க. கட்டி எனக்குத்தான இருக்கு?”