மத்த பதினெட்டு பேர்

எனக்குக் காது கொஞ்சம் அதிகம். பக்கத்து ரூம்ல பேனா மூடியைத் திறந்தாலே கேக்கும். அந்தக் காதை நம்பித்தான் விருது ஆபீஸ்ல வேலை கொடுத்தாங்க. இஸ்லாம் பரவின ஊர்கள்ல பழைய இசையைக் காப்பாத்தறவங்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கற விருது அது. எங்கெங்கிருந்தோ பாட்டு வரும், தந்தி வாத்தியம் வரும், முரசு வரும். ஒண்ணுகூடச் சுத்தமா வராது. ஃபேன் சத்தம், லாரி சத்தம், நடுவுல யாரோ தும்மறது. எல்லாத்தையும் துடைச்சு நடுவர்களுக்கு அனுப்பறது நான்.

அதுக்கு ஒரு வழி வச்சிருந்தேன். பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் வெறும் ரூம் சத்தம் இருக்கும். அதை வெட்டி கம்ப்யூட்டருக்குக் காட்டி, 'இதுதான் இரைச்சல், எங்க பாத்தாலும் துடை'ன்னு சொல்லிடுவேன். துடைச்சிடும். சும்மா சொல்லக் கூடாது, அதுல நான் புலி.

இந்த வருஷம் நாப்பத்தொண்ணாம் நம்பர் ஒரு தையல்காரம்மா அனுப்பினது. 'பெண்கள் திக்ரு குழு, மொத்தம் பத்தொன்பது பேர்'னு எழுதியிருந்தாங்க. கூடி உட்கார்ந்து இறைவன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்றதுதான் திக்ரு. ஆனா ரெக்கார்டிங்ல ஒரே ஒரு பொம்பளைக் குரல். ஒரு வரி, அப்புறம் நீளமா அமைதி. மறுபடி ஒரு வரி.

தலைமை நடுவர் முரசு வாசிக்கறவர். 'குரல் அருமை. மத்த பதினெட்டு பேர் எங்கே? பொய்த் தகவலா?'ன்னு ஓரத்துல எழுதி அனுப்பிட்டார். எங்க செயலாளரைப் பின்னாடி 'விதிமுறை'ன்னுதான் கூப்பிடுவோம். அந்த மனுஷன் ஃபைலோட என் மேஜைக்கு வந்து நின்னார்.

"பொய்த் தகவல்னா விதி பன்னெண்டு. இனி எந்த வருஷமும் அவங்க விண்ணப்பிக்க முடியாது. நாளைக்குக் கூட்டத்துல சொல்லி அடிச்சிடலாம்."

அடிச்சிட்டுப் போங்கன்னு விட்டிருக்கலாம். ஆனா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. பொய் சொல்றவங்க பத்துன்னு சொல்வாங்க, இருபதுன்னு சொல்வாங்க. அது என்ன பத்தொன்பது? அதுவும் பத்தொன்பது கையெழுத்தோட? ஃபோனைப் போட்டேன்.

"மத்த பதினெட்டு பேர் எங்கம்மா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? முழுக்க அவங்கதானே இருக்காங்க! நான் நடுவுல நாலு வரிதான்."

"எனக்கே காது குத்தாதீங்கம்மா. பொய்த் தகவல்னு எழுதப் போறாங்க."

"மூணு மணிக்குக் கூடறோம். நேர்லயே வந்து பாருங்க."

கையும் களவுமா பிடிக்கற நினைப்புலதான் போனேன். சின்னத் தையல் கடை. வெட்டற மேஜையைச் சுவரோரம் தள்ளி, ஏழு மெஷினையும் துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. பாயெல்லாம் நூல் துண்டு. கழுத்துல இஞ்ச் டேப்போட நாலு பேர், வெளியில இருந்து வந்தவங்க மீதி. எண்ணிப் பாத்தேன், பத்தொன்பது.

"பொய்க்காரிங்களைப் பாக்க வந்தீங்களா? நல்லாப் பாருங்க, நெத்தியில எழுதியிருக்கும்" என்றாங்க தையல்காரம்மாவோட நாத்தனார்.

"நீ சும்மா இருடி" என்று அவங்களை அதட்டிட்டு, தையல்காரம்மா என் பக்கம் திரும்பினாங்க. "தோத்தாப் பரவாயில்லங்க. பொய்யின்னு எழுதிட்டா, இறைவன் பேரை வச்சு ஏமாத்தினோம்னு ஆயிடும். அப்புறம் எந்த மூஞ்சியோட இங்க வந்து உட்கார்றது?" கண்ணு கலங்கியிருந்தது.

வட்டமா உட்கார்ந்தாங்க. ஒருத்தி ஃபேனை நிறுத்தினா. யாரும் பாடலை, மூச்சுதான் விட்டாங்க. 'ஹூ'ன்னு எல்லாரும் சேர்ந்து உள்ள இழுக்க, வெளிய விட, அது மெல்ல மெல்ல வேகம் பிடிச்சது. பேரைச் சொல்லிச் சொல்லி எழுத்தெல்லாம் உதிர்ந்து, மூச்சு மட்டும் மிஞ்சின மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தையல்காரம்மா முதல் வரியை எடுத்தாங்க. தரையில ஊன்றியிருந்த என் உள்ளங்கை அதிர்ந்தது.

அப்பதான் உறைச்சது. ரெக்கார்டிங் தொடக்கத்துல புஸ் புஸ்னு ஒரு சத்தம் வந்தது. மெஷின் மோட்டார்னு நினைச்சு அதைத்தான் வெட்டி, இரைச்சல்னு காட்டியிருந்தேன். அவங்க இசையையே காட்டி, எங்க பாத்தாலும் துடைன்னு சொல்லியிருக்கேன்.

"துடைச்சது நான்தாங்க" என்றேன். என் முகத்துல ஈயாடலை.

"பதினெட்டு பேரையுமா? ஒருத்தியையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்றாங்க நாத்தனார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் கூட்டத்துல நடந்ததைச் சொல்லி, அசலைப் போடறேன்னேன். 'விதிமுறை' குறுக்க விழுந்தார். "ரெண்டாவது தடவை போட்டுக் காட்ட விதியில இடமில்லை."

"விதி பன்னெண்டுல பொய் சொன்னவங்க பேரை எழுதணும்ல? என் பேரை எழுதுங்க" என்றேன். அவர் எழுதலை, தடுக்கவும் இல்லை. துடைக்காத அசலைப் போட்டேன்.

நாலாவது நிமிஷத்துல தலைமை நடுவரோட தோள் அந்த மூச்சோட சேர்ந்து ஏறி இறங்க ஆரம்பிச்சது. முடிஞ்சதும் ஓரத்துல எழுதினதைத் தானே அடிச்சார். "இவங்க இறுதிப் பட்டியல்ல இருக்கட்டும்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பேனாவை மூடலை.

"மத்ததுல எதெல்லாம் துடைச்சிருக்கீங்க?"

"தெரியலைங்க. இந்த வருஷத்து அசல் எல்லாம் பத்திரமா இருக்கு. அப்படியே அனுப்பிடறேன்."

"முன்னாடி வருஷத்து அசல்?"

"வருஷம் முடிஞ்சா அழிச்சிடுவோம்."

"எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?"

"ஒன்பது."

யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சாயங்காலம் 'விதிமுறை' பழைய நிராகரிப்பு ஃபைல்களைக் கொண்டுவந்து மேஜையில வச்சிட்டு, ஒரு விதியும் சொல்லாமப் போயிட்டார். முதல் ஃபைல்ல இருந்த நம்பரைச் சுத்தினேன். ஒரு ஆம்பளைக் குரல் எடுத்தது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி விருதுக்கு ஒரு ரெக்கார்டிங் அனுப்பியிருந்தீங்க."

"ஆமா. அதுல ஒண்ணுமே இல்லைன்னு பதில் போட்டீங்களே."

"இருந்திருக்குங்க. என்ன இருந்துதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."